அயலாருக்கு அகன்ற மனம்

சிவகாசியைச் சூழ்ந்த சிற்றூர்களில், பட்டாசுக்கு வேண்டிய காகிதக் குழல்களை வீட்டுத் திண்ணையில் அமர்ந்தே உருட்டித் தரும் பெண்கள் பலர். மருந்து அடைப்பதும் திரி செருகுவதும் ஆலைக்குள் நடக்க வேண்டிய வேலைகள். வெறும் குழலால் ஆபத்தில்லை. ஆகவே அது திண்ணைக்கு வந்து சேர்கிறது. அன்பியக் கூட்டம் ஒன்றிற்காக அத்தகைய ஊர் ஒன்றுக்கு நாம் சென்றிருந்தபோது, கூட்டம் தொடங்கச் சற்று நேரம் இருந்தது. பக்கத்து வீட்டுத் திண்ணையில், நம் மறையைச் சாராத ஒரு முதிய தாய் பழந்தாள் கட்டொன்றைப் பிரித்து, நறுக்குவதற்காக அடுக்கிக்கொண்டிருந்தார். செய்தித்தாள்கள், பள்ளிக் குறிப்பேடுகள், யாருடைய கடையினுடையதோ ஆன கணக்குத் தாள்கள். அவற்றினிடையே சில தாள்களை மட்டும் உருவி எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தம் பின்னால் வைத்தார். முருகன் படம் போட்ட நாள்காட்டித் தாள் ஒன்று. நம் செபப் புத்தகத்திலிருந்து கழன்ற ஏடு ஒன்று. அரபு எழுத்துகள் நிறைந்த தாள் ஒன்று.

நாம் வியப்புடன் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கவனித்துவிட்டார். "இது எந்தச் சாமி எழுத்தோ தெரியல தம்பி. இதுல மருந்தை வச்சு வெடிக்கவிட மனசு வருமா?" என்றார். பிறகு தம் வேலையைத் தொடர்ந்தார். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வழக்கத்தில் வளர்ந்தவர்கள்தாம் நாம் எல்லாரும். ஆயினும், தமக்குப் படிக்கத் தெரியாத எழுத்துக்கும், தாம் வணங்காத தெய்வத்தின் ஏட்டுக்கும் ஒரே மரியாதை காட்டிய அந்தக் கைகளைக் கண்டபோது, ஏடுகளைத் தீயிலிட ஆணையிட்ட வேறொரு சபை நம் நினைவுக்கு வந்தது. அது நம் திருச்சபையின் சபை. அந்த ஆணையில் பெயர் குறிப்பிடப்பட்ட ஒருவரே பின்னாளில் நம் மதுரை நாட்டுக்கும் ஆயர் ஆனவர். அவரைப் பற்றி நெடுநாளாக நம் உள்ளத்தை உறுத்திவரும் ஒரு கேள்வியை வாசகர்முன் வைக்கவே இக்கட்டுரை.

1599-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள், கொச்சிக்குத் தென்கிழக்கேயுள்ள உதயம்பேரூர் ஆலயத்தில் ஒரு சங்கம் கூடியது. கூட்டியவர் கோவாவின் பேராயர் அலெய்க்சோ தெ மெனேசஸ். அகுஸ்தினார் சபைத் துறவி. போர்த்துகலின் உயர்குடியில் பிறந்து, 36 வயதிலேயே கீழ்த்திசையின் பேராயரானவர். அவர் முன்னே மலபாரின் மார்த்தோமா கிறிஸ்தவர்களைச் சேர்ந்த குருக்கள் 150-க்கும் மேற்பட்டவர்களும், பொதுநிலையினர் 600-க்கும் மேற்பட்டவர்களும் அமர்ந்திருந்தனர். முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருந்த தீர்மானங்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்பட்டன. ஏழே நாள்களில், பல நூற்றாண்டுகளாகச் சிரியாக் மொழியில் இறைவனைப் புகழ்ந்து வந்த ஒரு திருச்சபையின் வழிபாடும் ஒழுங்கும் புதிதாக வரையப்பட்டுவிட்டன. பாபிலோன் மறைமுதுவரின் பெயர் வழிபாட்டிலிருந்து நீக்கப்பட்டது. குருக்களின் திருமண வாழ்வு தடைசெய்யப்பட்டது. நெஸ்தோரியுவின் தவறுகள் அடங்கியவை எனக் கருதப்பட்ட நூல்கள் பெயர் சொல்லிக் கண்டிக்கப்பட்டன. அவற்றை எரித்துவிட வேண்டும் என்பது ஆணை. ஏனைய சிரியாக் நூல்களை வைத்திருப்போர், பேராயரிடமோ வைப்பிக்கோட்டைக் குருமடத்தில் சிரியாக் கற்பித்துவந்த இயேசு சபைக் குரு பிரான்சிஸ் ரோஸ் அவர்களிடமோ திருத்தத்திற்காக ஒப்படைக்க வேண்டும் எனவும் விதிக்கப்பட்டது.

எத்தனை ஏடுகள் தீக்கு இரையாயின என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒருமித்துச் சொல்வதில்லை. சங்கத்திற்குப் பின் மெனேசஸ் ஊர் ஊராகச் சென்றபோது ஏடுகள் எரிக்கப்பட்டன என்பதில் மட்டும் ஐயமில்லை. எஞ்சியவற்றுள் ஒன்று இன்று வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. 1301-ஆம் ஆண்டில் கொடுங்கல்லூரில் எழுதப்பட்ட வாசக நூல் அது. எழுதியவர் செக்கரியா என்னும் திருத்தொண்டர். அப்போது அவருக்கு வயது 14. பதினான்கு வயதுச் சிறுவன் வரிவரியாகப் படியெடுத்த அந்நூலைப் போன்றவை எத்தனை அன்று அடுப்பேறினவோ என எண்ணும்போது, பட்டாசுத் தொழிலால் வாழும் ஊர்க்காரரான நமக்கும் நெருப்பின்மீது ஒரு கசப்புத் தோன்றுகிறது.

மெனேசஸின் பின்னாள் வாழ்வை விரைந்து சொல்லிவிடலாம். 1607 முதல் 1609 வரை போர்த்துகீசிய இந்தியாவின் ஆட்சிப் பொறுப்பையும் தாமே ஏற்றார். 1612-இல் போர்த்துகலின் பிராகா உயர்மறைமாவட்டத்தின் பேராயரானார். 1614-இல் போர்த்துகலின் அரசப் பிரதிநிதியானார். 1617-இல் மத்ரித் நகரில் இறந்தார். செங்கோலையும் ஆயர்கோலையும் ஒரே கையில் பிடித்த மனிதர். அவரைப் புரிந்துகொள்வது கடினமன்று. நம்மை நிறுத்திவைப்பவர் ரோஸ்தான்.

பிரான்சிஸ் ரோஸ் கத்தலோனியாவின் ஜெரோனா நகரத்தவர். 1580-களில் இந்தியா வந்து, மலையாளத்தையும் சிரியாக்கையும் ஆழக் கற்றார். மார்த்தோமா கிறிஸ்தவர்களின் நூல்களை அவர்களுடைய மொழியிலேயே படித்தறிந்த ஐரோப்பியர் அக்காலத்தில் மிகச் சிலர். அவர்களுள் முதன்மையானவர் இவர். ஆனால் அந்த அறிவின் முதற்பயன் என்ன? அந்நூல்களில் காணப்படும் நெஸ்தோரியத் தவறுகளைத் தொகுத்து அவர் இலத்தீனில் ஓர் ஆய்வுரை எழுதினார். ஒரு மக்களின் மொழியைக் கற்பது அன்பின் செயல் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். குற்றம் காண்பதற்காகவும் மொழி கற்கலாம். ரோஸிடம் இரண்டும் இருந்தன என்றே நாம் எண்ணுகிறோம். அவர் அம்மக்களிடையே சிரியாக்கிலேயே திருப்பலி நிறைவேற்றினார். இலத்தீன் அருளடையாளச் சடங்குகளைச் சிரியாக்கில் பெயர்த்தார். பகைவர் செய்யும் வேலையன்று அது.

சங்கம் முடிந்த அதே ஆண்டில் அவர் அங்கமாலியின் ஆயராக நியமிக்கப்பட்டார். 1601-இல் கோவாவில் மெனேசஸே அவருக்கு ஆயர் திருநிலைப்பாடு அளித்தார். அதுவரை பேராயத் தகுதி பெற்றிருந்த அங்கமாலி, இப்போது கோவாவுக்குக் கீழ்ப்பட்ட ஆயமாகக் குறைக்கப்பட்டிருந்தது. மலபார் மக்கள் இதைத் தம் தன்மானத்திற்கு விழுந்த அடியாகக் கொண்டனர். புதிய ஆயர் தம் மக்களின் குறையை உணர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். 1603-இல் அங்கமாலியில் தாமே ஒரு சங்கம் கூட்டி, உதயம்பேரூர் விதிகளுள் சிலவற்றை மாற்றியமைத்தார். 1608 டிசம்பரில் பேராயத் தகுதி திரும்பக் கிடைத்தது. அடுத்த ஆண்டில் பீடம் கொடுங்கல்லூருக்கு மாறியது. கொச்சி ஆயருடன் எல்லைத் தகராறு நெடுங்காலம் நீடித்தது. அதில் நாம் நுழையவில்லை.

மதுரை மறைத்தளமும் இவருடைய அதிகார எல்லைக்குள் அடங்கியிருந்தது. விருதுப்பட்டி, சாத்தூர், திருவில்லிபுத்தூர் என்று நீளும் நம் கரிசல் பூமி அன்று மதுரை நாயக்கர்களின் ஆட்சிக்குட்பட்ட நிலம். ஆகவே, இன்று மதுரை உயர்மறைமாவட்டத்தவராகிய நம்முடைய முன்னோர் ஊர்களுக்கு, ஏட்டளவிலேனும் 19-ஆம் நூற்றாண்டு வரை கொடுங்கல்லூர்ப் பேராயரே ஆயர். இது நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி. பரவூரில் அடக்கமான ஒரு கத்தலோனியருக்கும் நமக்கும் என்ன உறவு என்று கேட்போருக்கு இதுவே விடை.

1606-இல் இராபர்ட் தெ நொபிலி மதுரை வந்தார். அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற இயேசு சபைக் குரு அங்கே இருந்தார். கடற்கரையிலிருந்து வாணிகத்திற்காக வந்து தங்கிய பரதவ கிறிஸ்தவர்களுக்குப் பணிபுரிந்தார். அவ்வூர் மக்களிடையே நற்செய்தி வேரூன்றவில்லை. திருமுழுக்குப் பெற விரும்புவோரிடம், பறங்கிக் குலத்தில் சேர விருப்பமா என்ற பொருள்படக் கேட்கும் வழக்கம் அப்போது இருந்தது. கிறிஸ்துவை ஏற்பதற்கு ஏன் ஒருவன் பறங்கியாக வேண்டும் என்று கேட்டவர் தெ நொபிலி. காவி உடுத்தி, சந்தனம் இட்டு, புலால் நீக்கி, தமிழும் வடமொழியும் கற்று, தத்துவபோதகர் ஆனார். கல்வியாளர் சிலர் அவரிடம் வந்தனர். திருமுழுக்குப் பெற்ற பின்னும் குடுமியையும் பூணூலையும் சந்தனத்தையும் நீராடலையும் அவர்கள் தொடரலாம் என்றார் அவர். பெர்னாண்டஸ் மேலிடத்திற்கு முறையிட்டார். அப்போது பேராயர் ரோஸ் தத்துவபோதகருக்குத் துணை நின்றார். இவை குலத்தின் அடையாளங்களும் நாகரிக வழக்கங்களுமே ஆகும், சிலைவழிபாட்டின் பகுதிகள் அல்ல என்ற வாதத்தை ஏற்றுக்கொண்டார்.

1619-இன் தொடக்கத்தில் கோவாவில் பேராயர் கிறிஸ்தோவாம் தெ சா தலைமையில் இது விவாதிக்கப்பட்டது. பெரும்பாலோர் எதிராகவே நின்றனர். அறுபதை ஒட்டிய வயதில், மலபாரிலிருந்து நெடும்பயணம் செய்து வந்த ரோஸ், தம்முடைய மாநிலப் பேராயருக்கு எதிரே தெ நொபிலியின் பக்கம் பேசினார். திருவிசாரணை மன்றத்தவர் ஒருவரே தெ நொபிலியின் பக்கம் நின்றது இதில் விந்தை. வழக்கு உரோமைக்குச் சென்றது. 1623 ஜனவரி 31-ஆம் நாள் திருத்தந்தை 15-ஆம் கிரகோரி, மேலும் ஆராயப்படும் வரை அவ்வழக்கங்களை அனுமதித்தார். மறு ஆண்டு பிப்ரவரியில் ரோஸ் பரவூரில் இறந்தார்.

இங்கேதான் நம் கேள்வி எழுகிறது. சிரியாக் ஏடுகளைத் திருத்தும் கோலைப் பிடித்த அதே கை, மதுரைப் பூணூலுக்கு அனுமதிச் சீட்டும் எழுதியது எப்படி? தோமாவின் பெயரால் ஞானத்தந்தை வழி பெற்ற கிறிஸ்தவர்களின் வழக்கம் அவருக்கு ஐயத்திற்குரியது. கிறிஸ்துவை அறியாத பண்டிதர்களின் வழக்கம் அவருக்குப் பொறுத்துக்கொள்ளத் தக்கது. உடன்பிறந்தார்மேல் கடுமை, அயலார்மேல் கனிவு. இது நேர்மையா? முரண்பாடா? அல்லது மனித உள்ளத்தின் இயல்பா?

அவருக்காக வாதாடுவோர் சொல்வது எளிதில் தள்ளத் தக்கதன்று. கோட்பாடு வேறு, வழக்கம் வேறு. கிறிஸ்துவில் இரு ஆள்களா ஓர் ஆளா என்பது மீட்பைத் தொடும் வினா. நெற்றியில் சந்தனம் இடலாமா என்பது அப்படியன்று. முன்னதில் கண்டிப்பும் பின்னதில் தளர்வும் ஒரே மனச்சான்றில் முரணின்றி வாழலாம். மேலும், தன் பிள்ளையிடம் தந்தை காட்டும் கண்டிப்பை எதிர்வீட்டுப் பிள்ளையிடம் காட்டுவதில்லை. அதனால் எதிர்வீட்டுப் பிள்ளைமேல் அவனுக்கு அன்பு அதிகம் என்றாகுமா?

நாமும் முதலில் இந்த விடையில் அமைதி கொண்டோம். ஆனால் உதயம்பேரூரின் தீர்மானங்களைத் திரும்ப எண்ணிப் பார்த்தபோது அந்த அமைதி குலைந்தது. குருக்களின் மனைவியரைப் பிரித்தது கோட்பாடா? கீழைத் திருச்சபைகளில் திருமணமான குருக்கள் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அது ஒழுங்கைச் சார்ந்தது, விசுவாசத்தைச் சார்ந்ததன்று. எந்தப் பேராயரின் பெயரை வழிபாட்டில் சொல்வது என்பதும் அதிகார எல்லையைப் பற்றியது. கோட்பாட்டின் பெயரால் நுழைந்த கை, வழக்கத்தையும் சேர்த்தே பிடுங்கியது. ஆகவே கோட்பாடு, வழக்கம் என்ற வேறுபாடு ரோஸ் மதுரைக்கு வைத்திருந்த அளவுகோல்; மலபாருக்கு அது முழுமையாக எடுத்துச் செல்லப்படவில்லை. 1603-இல் சிறிது எடுத்துச் சென்றார் என்பதை அவருக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் விடை ஒன்றுண்டு: மனிதர் முதிர்கிறார். 1599-இன் பேராசிரியர் வேறு, 1619-இன் பேராயர் வேறு. நூல்களைக் கண்டவர் மக்களையும் கண்டபின் மனம் கனிந்தார். இதை நம்ப நமக்கும் ஆசைதான். ஆனால் ஒரு நிகழ்ச்சி இடறுகிறது. 1618-இல் ரோஸ் கோவாவுக்குப் புறப்பட்டபோது, தாம் இல்லாத காலத்தில் மலபார்த் திருச்சபையை நடத்தும் பொறுப்பை யாரிடம் விட்டார்? அத்திருச்சபையின் பரம்பரைத் தலைவர் அர்க்கதியாக்கோன். அப்போது அப்பதவியில் இருந்தவர் ஜார்ஜ். மக்கள் அவரைத்தான் தம் தலைவராகக் கொண்டிருந்தனர். அவருடன் ரோஸுக்கு முன்பே பூசல் நேர்ந்து, இணக்கமும் ஏற்பட்டிருந்தது. ஆயினும் பேராயர் வைப்பிக்கோட்டைக் குருமடத்தின் இயேசு சபை அதிபரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுச் சென்றார். அர்க்கதியாக்கோன் மீண்டும் கிளர்ந்தெழுந்தார்.

இதை நாம் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறோம். மதுரையில் ஒருவர் தம் குடுமியைக் காத்துக்கொள்ளும் உரிமைக்காக வாதாடச் செல்லும் வழியில், தம் சொந்த மறைமாவட்டத்தில் ஒருவருடைய முறையான மதிப்பைக் கடந்து நடந்தார் அந்தப் பேராயர். அவர் தீயவர் அல்லர், போலியும் அல்லர். கோவாவில் அவர் காட்டிய துணிவு மெய்யானது. பெரும்பான்மைக்கு எதிரே, தமக்கு மேலிருப்பவருக்கு எதிரே பேசுவது எளிதன்று. பின் ஏன்?

நமக்குத் தோன்றும் விடை இது. மதுரையில் ரோஸிடம் எவரும் அதிகாரத்தில் பங்கு கேட்கவில்லை. காவி உடுத்தியவர் அவருடைய சபையைச் சேர்ந்த உடன்துறவி. பூணூல் தரித்த புதுக் கிறிஸ்தவர் பேராயரின் அனுமதியை நாடி நின்றவர். அங்கே பெருந்தன்மை என்பது மேலிருந்து கீழே வழங்கும் கொடை. கொடுப்பவர் எதையும் இழப்பதில்லை. மலபாரிலோ, எதிரே நின்றவர் கொடை கேட்கவில்லை; பழைய உரிமையைக் கேட்டார். எம் திருச்சபை உமக்கு முன்பே இங்கிருந்தது, எமக்கும் தலைவர் உண்டு என்றார். அத்தகைய வேற்றுமையை ஏற்பதென்றால் இருக்கையில் சற்று நகர்ந்து அமர வேண்டும். ஊதாரி மைந்தன் உவமையில் மூத்த மகன் அயலான் எவனோடும் பிணங்கவில்லை என்பதைக் கவனிக்கலாம்; அவன் வீட்டுக்குள் நுழைய மறுத்தது தம்பி இருந்த காரணத்தால்.

ரோஸ் இறந்து 29 ஆண்டுகளுக்குப் பின், 1653 ஜனவரி 3-ஆம் நாள், மட்டாஞ்சேரியில் கூனன் சிலுவையின்முன் மார்த்தோமா கிறிஸ்தவர்கள் இயேசு சபை ஆயருக்குக் கீழ்ப்படிவதில்லை என்று ஆணையிட்டனர். அந்தப் பிளவு இன்றும் முற்றிலும் ஆறவில்லை. அதற்கு ரோஸ் ஒருவரையே காரணம் காட்டுவது நீதியன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் கீழைத் திருச்சபைகள் தம் முன்னோர் மரபுக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லும் வரை, உதயம்பேரூரின் மனப்பான்மையிலிருந்து நாம் முழுமையாக வெளிவரவில்லை என்பதும் உண்மை.

இனி, மதுரைக்குக் காட்டிய கனிவாவது பழுதற்றதா? அதையும் கேட்டாக வேண்டும். தத்துவபோதகரின் முறையைப் பண்பாட்டுமயமாதலின் முன்னோடி என்று நம் இதழ்கள் பல பத்தாண்டுகளாகப் புகழ்ந்துவருகின்றன. நாமும் அவ்வாறு எழுதியிருக்கிறோம். ஆனால் பூணூல் ஒரு நூல் மட்டுமன்று. அதை அணிவோர் உளர் எனில், அதை அணியக் கூடாதோரும் உளர். ஒருவருக்குக் குல அடையாளம் அனுமதிக்கப்பட்டபோது, மற்றவருடைய குல இழிவும் உடன் அனுமதிக்கப்பட்டது. 1640 முதல் ஒடுக்கப்பட்டோரிடையே பணியாற்றப் பண்டாரசாமிகள் என்ற தனிப்பிரிவுக் குருக்கள் தேவைப்பட்டதே இதற்குச் சான்று. ஒரே கிறிஸ்துவின் குருக்கள், ஒருவர் சென்ற வீட்டுக்கு மற்றவர் செல்ல இயலாதவர்களாய்ப் பிரிந்து நடந்தனர். அந்தப் பண்டாரசாமிகளின் தியாகத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை. வெயிலிலும் பட்டினியிலும் நடந்து நம் கிராமங்களுக்கு மறையைக் கொண்டுவந்தவர்கள் அவர்களே.

15-ஆம் கிரகோரி இதை உணராதவர் அல்லர். பூணூலுக்கு அனுமதியளித்த அதே மடலின் இறுதியில், உயர்குடிப் பிறந்தோர் எளிய கிறிஸ்தவர்களை இகழலாகாது, இறைவார்த்தை கேட்பதிலும் அருளடையாளங்கள் பெறுவதிலும் அவர்களிடமிருந்து பிரிந்து நிற்கலாகாது என்று வேண்டிக்கொண்டார். அனுமதி உடனே நடைமுறைக்கு வந்தது. வேண்டுகோளுக்கு என்ன நேர்ந்தது என்பதை நெல்லை நாட்டின் வடக்கன்குளத்துக்குச் சென்றால் காணலாம். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு பீடமும், அதிலிருந்து பிரியும் இரு கூடங்களுமாக ஆலயம் எழுந்தது. ஒரு கூடம் ஒரு சாரார்க்கு, மறு கூடம் மறு சாரார்க்கு. பிரிவுச் சுவர் 1910-இல் இடிக்கப்பட்டபோது, அது தம் உரிமை என்று வழக்குத் தொடுத்தோர் கிறிஸ்தவர்கள். சென்னை உயர்நீதிமன்றம் அவ்வுரிமையை ஏற்கவில்லை. 2003 நவம்பரில், தம்மைக் காண வந்த தமிழக ஆயர்களிடம் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சாதி வேற்றுமையைப் பற்றி மீண்டும் எச்சரிக்க வேண்டியிருந்தது. 1623-க்கும் 2003-க்கும் இடையே 380 ஆண்டுகள்.

ரோஸைக் குற்றக் கூண்டில் நிறுத்திவிட்டு நாம் பார்வையாளர் இருக்கையில் அமர முடியாது. நம் மாவட்டத்தில் மாற்று மறையினருடன் நாம் வாழும் முறை போற்றத்தக்கது. பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச் சட்டி எடுத்து வருவோருக்கு நம் வீட்டார் நீர்மோர் தருவதுண்டு. நம் திருவிழாக் கொடியேற்றத்திற்கு அவர்கள் வேட்டு வாங்கித் தருவதும் உண்டு. தீப்பெட்டி ஆபீசில் ஒரே பலகையைச் சுற்றி அமர்ந்து குச்சி அடுக்குவோரிடையே மறை வேற்றுமை தலைகாட்டுவதில்லை. ஆலையில் விபத்து நேர்ந்த நாளில், ஓடி வருவோர் யார் என்று எவரும் கேட்பதில்லை. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் அப்படித்தான், காப்பாற்ற ஓடியவர்களும் மாண்டார்கள்.

ஆனால் அதே நாம், சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பங்குப் பேரவைக் கூட்டத்தில் அமர்ந்திருந்தோம். எந்தப் பங்கு என்பது இங்கு வேண்டாம். திருவிழாச் சப்பரம் ஒரு குறிப்பிட்ட தெருவுக்குள்ளும் செல்ல வேண்டும் என்று அத்தெருவினர் மனுக் கொடுத்திருந்தனர். அவர்களும் நம்மைப் போன்றே திருமுழுக்குப் பெற்றவர்கள், வரி கட்டுபவர்கள், புனிதரின் சுரூபத்திற்கு மாலை வாங்கித் தருபவர்கள். தெரு குறுகல், மின்கம்பி தாழ்வு, நேரம் போதாது என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. இறுதியில் ஒரு பெரியவர் அமைதியாக, "வழக்கம் இல்லையே" என்றார். விவாதம் அத்துடன் முடிந்தது. அதற்கு முந்திய வாரம்தான், சந்தனத்தையும் குடுமியையும் திருச்சபை ஏற்ற பெருந்தன்மையைப் பற்றி ஒரு கருத்தரங்கில் நாம் முக்கால் மணி நேரம் பேசியிருந்தோம். அன்றைய கூட்டத்தில் நாம் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்திற்கு நம்மிடம் இருந்த காரணம், மனுக் கொடுத்தோர் கேட்டது கொடை அன்று, பங்கு என்பதுதான். இன்று எண்ணிப் பார்க்கையில் அதைவிடக் கௌரவமான காரணம் எதுவும் அகப்படவில்லை.

வழக்கம் என்ற ஒரே சொல் மதுரையில் ஒருவருக்குக் கதவைத் திறந்தது. நம் கூட்டத்தில் ஒரு தெருவை அடைத்தது. ஆக, வழக்கத்தை ஏற்பதா மறுப்பதா என்பதைவிட, யாருடைய வழக்கம், அதை ஏற்பதால் எவருடைய இருக்கை நகர்கிறது என்று கேட்பதே பொருத்தம் என நாம் கருதத் தொடங்கியிருக்கிறோம். ரோஸிடம் இக்கேள்வியைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? தம் நாளில் அப்படிக் கேட்கத் துணிந்தவர் அர்க்கதியாக்கோன் ஒருவரே. அவரோ கலகக்காரராகக் கருதப்பட்டார்.

அந்தத் திண்ணைக்கு நாம் மறுபடியும் சென்றோம். ஒதுக்கி வைத்த தாள்களை அந்தத் தாய் ஒரு தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருக்கிறார். மூடி சாத்த முடியாத அளவுக்கு அது நிறைந்துவிட்டது. எரிக்க மனமில்லை, ஆற்றில் விடலாமென்றால் அர்ச்சுனா நதியில் தண்ணீர் இல்லை, எடைக்குப் போட்டால் திரும்ப இன்னொரு திண்ணைக்குத்தான் வந்து சேரும். "உங்க கோவில்ல வாங்கி வச்சுக்குவாகளா தம்பி? எல்லாச் சாமியும் கலந்துல்ல கெடக்கு" என்று கேட்டார். பங்குக் குருவிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.